செய்வினை என்று நம்புகிற தம்பிக்கு மாத்திரை வேலை செய்யுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு 24 வயது. ஒன்றரை வருடமாகக் காதில் குரல் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவரைக் கேட்டால், சொத்துத் தகராறில் பெரியப்பா வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார். அம்மாவும் அதையே சொல்லி, கூடவே ஏழரைச் சனியையும் சேர்த்துக்கொள்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தாய்மாமா, மூளையில் ரசாயனம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறார். நீங்கள் வேலை போனதுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். நம் ஊரில்தான் இப்படி ஆளுக்கொன்று சொல்கிறார்களா, வெளிநாட்டு நோயாளிகள் தங்கள் நோயைச் சரியாகப் புரிந்துகொள்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இது நோய்தான் என்று அவர் தன் வாயால் ஒத்துக்கொள்ளாத வரை குணமாகாதா, அதற்காகத் தினமும் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா? இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சண்டையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மனநல சமூகப் பணியாளர். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியோடும் கூட வந்தவர்களோடும் உட்கார்ந்து, எப்போது ஆரம்பித்தது, எங்கெங்கே போனீர்கள், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வைப்பது என் வேலை. மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களோடு 18 வருடமாக இதைச் செய்கிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் பற்றி நான் பேசுவதில்லை, அது டாக்டரின் வேலை. உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை, அதனால் அவருக்கு இதுதான் என்று எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். கீழே நான் சொல்லும் ஆட்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் "எனக்கு மனச்சிதைவு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரும் வேறு பெயரோடுதான் வருகிறார்கள். காத்து கருப்பு அண்டிடுச்சு, உச்சிப் பொழுதுல கிணத்துப் பக்கம் போயி பயந்துட்டா, முனி அடிச்சிருச்சு, சோத்துல மருந்து வச்சுட்டாங்க, சூடு தலைக்கேறிடுச்சு, நரம்புத் தளர்ச்சி, படிச்சுப் படிச்சு மூளை குழம்பிடுச்சு. முஸ்லிம் குடும்பமென்றால் ஜின், ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்கள் என்றால் அசுத்த ஆவி. வெளியிலிருந்து கேட்கிறவர்கள் இவை எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் இவை ஒன்றுக்கொன்று ரொம்ப வித்தியாசமானவை. ஒவ்வொரு பெயரும் தனக்குள் மூன்று பதிலை வைத்திருக்கிறது: யார் மேல் தப்பு, எங்கே போக வேண்டும், எப்போது சரியாகும்.

"பயந்துட்டா" என்றால் யார் மேலும் தப்பில்லை. விபூதி போட்டு மந்திரித்தால் சரியாகும், சீக்கிரம் சரியாகும் என்று வீட்டில் நினைப்பார்கள். அதனால் சரியாகாமல் ஆறு மாதம் ஓடியபிறகுதான் அந்தக் குடும்பம் பதறும். "நரம்புத் தளர்ச்சி" என்றால் அது உடம்புக் கோளாறு, வெட்கப்பட ஒன்றுமில்லை, நாளைக்குக் கல்யாணம் பேசலாம். இப்படிச் சொல்கிறவர்கள் மாத்திரையும் டானிக்கும் விரும்பி வாங்கிப் போவார்கள், ஆனால் மனசைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் முகம் மாறிவிடும். "சோத்துல மருந்து வச்சுட்டாங்க" என்பது வேறு கதை. இடுமருந்து என்றால் சோறு போட்ட கைதான் குற்றவாளி. அதைக் கேட்டவுடன் நான் முதலில் கேட்பது, வீட்டில் சாப்பிடுகிறாரா என்பதைத்தான். பல வீடுகளில் நோயாளி மனைவி சமைத்ததைத் தொடாமல் கடையில் வடையும் டீயும் குடித்தே எடை குறைந்துபோயிருப்பார். அந்த வீட்டில் மனைவி கொடுக்கிற மாத்திரையை மட்டும் அவர் எப்படி விழுங்குவார்? மாத்திரையைக் கொடுக்கும் கை மாற வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட்டதால் மாதக்கணக்கில் சிகிச்சை வீணாய்ப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுச் செய்வினைக்கும் இதே மாதிரி ஒரு உள்ளர்த்தம் இருக்கிறது. எதிரி சொந்தத்துக்குள் இருக்கிறார் என்பது அதன் ஆபத்தான பக்கம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது: பிள்ளை நல்லவன், வளர்ப்பிலும் தப்பில்லை, யாரோ செய்துவிட்டார்கள். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அறியாமையால் மட்டும் இல்லை. அதை நீங்கள் பிடுங்கினால், அவர் கையில் மிஞ்சுவது "அப்போ நான் பெத்த வயிறுதான் கோளாறா" என்ற கேள்விதான். ஏழரைச் சனிக்கும் ஒரு வேலை இருக்கிறது. செய்வினைக்கு முடிவு தேதி இல்லை, சனிக்கு உண்டு.

ஒருவர் ஒரு காரணத்தை மட்டும் நம்புகிறார் என்று நினைப்பதும் சரியில்லை. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நாள்பட்ட மனச்சிதைவு உள்ள 254 பேருடைய குடும்பத்தாரிடம் இந்த நோய்க்கு என்ன காரணம் என்று கேட்டு 2001-ல் வெளியிட்டார்கள். பேய், சூனியம் மாதிரியான காரணத்தைச் சொன்னவர்கள் 12 சதவீதம்தான், அதை மட்டுமே காரணமாகச் சொன்னவர்கள் 5 சதவீதம். அதிகம் பேர் சொன்னது மன உளைச்சல். அதாவது உங்கள் கட்சி. ஆனால் அங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூரில், முதல் முறையாக இந்த நோய் வந்த 131 பேரிடம் கேட்டு 2007-ல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதம் பேர் தெய்வக் குற்றம், மாந்திரீகம் போன்றவற்றைத்தான் சொன்னார்கள். ஒரே மாநிலம், ஒரே நோய், 12-க்கும் 70-க்கும் இடையில் எவ்வளவு தூரம்! ஒன்றில் கேட்டது வீட்டாரை, இன்னொன்றில் நோயாளியை. ஒன்றில் வருடக்கணக்கில் டாக்டர் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள், இன்னொன்றில் புதிதாக வந்தவர்கள். அதற்கும் மேலே இன்னொன்று இருக்கிறது, இது என் அனுபவம் மட்டுமே, நிரூபிக்க முடியாது: எதிரே உட்கார்ந்திருப்பவர் எதைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார் என்று பார்த்துத்தான் ஜனங்கள் பதில் சொல்கிறார்கள். ஓ.பி. அறைக்குள் "டென்ஷன்தான் மேடம், வேலை இல்லாத கவலை" என்று சொன்ன அதே அப்பா, வாசல் டீக்கடையில் "மேடம், வெள்ளைச் சட்டைக்காரங்ககிட்ட இதைச் சொல்ல முடியுமா, எங்க ஊரு கோடாங்கி என்ன சொன்னாருன்னா" என்று ஆரம்பிப்பார். இரண்டிலும் அவர் பொய் சொல்லவில்லை. இரண்டையும் நம்புகிறார்.

சரி, வெளிநாட்டுக்காரர்களுக்கு வருகிறேன். ஆர்தர் க்ளெய்ன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர், 1980 வாக்கில் சீனாவின் ஹுனான் மாகாணத்துக்குப் போனார். கலாச்சாரப் புரட்சி ஓய்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே ஷென்ஜிங் ஷுவாய்ருவோ என்று ஒரு நோய்ப்பெயர். நம் நரம்புத் தளர்ச்சியேதான், நரம்பு பலவீனப்பட்டுவிட்டது என்று அர்த்தம். தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, களைப்பு என்று வந்த 100 பேரை அவர் ஆராய்ந்தபோது, 87 பேருக்கு அமெரிக்க அளவுகோல்படி கடுமையான மனச்சோர்வு இருந்தது. ஆனால் அவர்கள் யாரும் மனசு என்று ஆரம்பிக்கவில்லை. அந்தக் காலத்தில் "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் அது அரசியல் பேச்சாகிவிடும், "எனக்குத் தலை வலிக்கிறது" என்று சொன்னால் லீவு கிடைக்கும். மாத்திரை கொடுத்ததும் பலருக்குத் தலைவலியும் தூக்கமும் தேறின. ஆனால் வேலை இடத்துப் பிரச்சினையும் குடும்பப் பிரிவும் அப்படியே இருந்தவர்கள் தாங்கள் குணமாகிவிட்டதாகச் சொல்லவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நோயாளி சொல்லும் காரணத்துக்குள் அவர் எதைச் சொல்ல முடியாமல் இருக்கிறார் என்பதும் இருக்கிறது.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுகிறவர்கள் குஃபுங்கிசிசா என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஊர்ப் பெண்கள் "யோசனை ஜாஸ்தியா இருக்கு மேடம், ராத்திரி பூரா யோசனை" என்று சொல்வார்களே, அச்சு அசல் அதுதான். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஹராரே நகரில் ம்பாரே பகுதியில் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரி வளாகத்தில் மரத்தடியில் ஒரு மர பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். வருகிறவர்களிடம் டிப்ரஷன் என்ற சொல்லே கிடையாது. யோசனை அதிகமாகிவிட்டதா, வா, உட்கார், எந்த யோசனை என்று பேசி, ஒரு பிரச்சினையை எடுத்து, என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 573 பேரை வைத்துச் செய்த பரிசோதனை 2016-ல் வெளியானது. ஆறு மாதத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வழக்கமான கவனிப்பு கிடைத்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஜனங்களிடம் இருந்த சொல்லை மாற்றாமலே வைத்தியம் நடந்திருக்கிறது. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும், அது மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கான முறை. உங்கள் தம்பிக்கு இருப்பது வேறு, பேச்சு மட்டும் போதாது.

உங்கள் தம்பியின் நிலைமைக்குக் கிட்டத்தில் இருப்பது இன்னொரு ஆய்வு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மானுடவியலாளர் டான்யா லூர்மனும், சென்னை, கானா நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை, மூன்று இடத்திலும் குரல் கேட்கும் 20 பேரிடம் அந்தக் குரல் யாருடையது, என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். அமெரிக்கர்கள் தங்கள் நோயின் பெயரைத் தயங்காமல் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்குக் குரல் என்பது முன்பின் தெரியாத யாரோ மண்டைக்குள் புகுந்து தாக்குவது மாதிரி, வெட்டு குத்து சித்திரவதை என்று போனது. அக்ராவில் பலர் கடவுளின் குரல் என்றார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல் கேட்டது. குளி, கடைக்குப் போ, சமையலைக் கவனி என்று திட்டுவதும் அதட்டுவதும் புத்தி சொல்வதுமாக. 60 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது, சென்னையிலும் பயங்கரமான குரல் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் நோயின் பெயரைச் சரியாகச் சொல்வதும் நோயோடு நிம்மதியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஆய்வு எனக்குக் காட்டியது.

அப்புறம், உங்கள் மாமா சொல்லும் ரசாயனம். அமெரிக்காவில் 1990-களில் மனச்சோர்வு மாத்திரைகளின் விளம்பரங்களோடு பரவிய விளக்கம் அது. அங்குள்ளவர்களுக்கு அதுதான் ஊர்ப்பேச்சு, நமக்குச் செய்வினை மாதிரி. செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. மனச்சிதைவில் டோபமின் என்ற இன்னொரு ரசாயனத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் "குறைந்துவிட்டது" என்ற ஒற்றைச் சொல்லில் அது அடங்காது, சொல்லப்போனால் மூளையின் சில பகுதிகளில் அது கூடுதலாக வேலை செய்கிறது என்பதுதான் கணிப்பு. இன்னொரு விஷயம். மூளைக் கோளாறு, பரம்பரை என்று விளக்கினால் மற்றவர்கள் நோயாளியைக் குறை சொல்வது குறைகிறது, ஆனால் இது மாறவே மாறாது, இவன் ஆபத்தானவன் என்ற எண்ணம் கூடுகிறது என்று பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் காட்டியிருக்கிறார்கள். மாமா சொல்வதில் உண்மை அதிகம்தான், ஆனால் அதையும் வீட்டில் ஆயுதமாக எடுக்க வேண்டாம். பெயரே ஆளைச் சாய்த்துவிடும். ஜப்பானில் இந்த நோய்க்கு "மனம் பிளந்த நோய்" என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் போராடி 2002-ல் அதை "ஒருங்கிணைப்புக் குறைபாடு" என்று மாற்றவைத்தார்கள். அதற்கு முன் டாக்டர்கள் நோயின் பெயரை நோயாளியிடம் சொன்னது சுமார் 37 சதவீதம், மூன்றே வருடத்தில் அது 70-ஐத் தொட்டது. மனச்சிதைவு என்ற நம் சொல்லில் அந்தச் "சிதைவு" இருக்கிறதே, அதைக் கேட்கும் தாய்மார்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நமக்கும் ஒரு நல்ல சொல் வேண்டும்.

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் வரும். தம்பி செய்வினை என்று சொல்வது நம்பிக்கையா, அல்லது அதுவே நோயின் அறிகுறியா? செய்வினை உண்டு என்று ஊரே நம்பும்போது ஒருவர் அதை நம்புவதை மட்டும் வைத்து அவரை நோயாளி என்று சொல்லக் கூடாது. எல்லை எங்கே என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. அவர் மகன், சித்தி ஃபேனுக்குள் உட்கார்ந்து தன் மூளையிலிருந்து நினைப்பை உருவி எடுக்கிறாள் என்றான். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செய்வினை இருக்குங்க, எங்க வீட்டுலயே பார்த்திருக்கேன். ஆனா எந்தச் செய்வினையும் ஃபேனுக்குள்ள இருந்து பேசாது. அது நோவுதான்" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அதே நம்பிக்கை உள்ள, நோயாளியின் சொந்த ஆட்களே "இது கொஞ்சம் ஓவரு, சூனியம் இப்படி இருக்காது" என்று சொல்லும் இடம்தான் எல்லை. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தம்பி சொல்வதில் எது வரைக்கும் அவருக்கு ஏற்றுக்கொள்ள முடிகிறது, எந்த இடத்தில் அவரே நெற்றியைச் சுருக்குகிறார் என்று.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். மனச்சிதைவுக்கான மருந்துகள் பெரும்பாலானவர்களுக்குக் குரலையும் சந்தேகத்தையும் குறைக்கின்றன, இது உறுதி. எல்லோருக்கும் இல்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு. செய்வினை என்று நம்பிக்கொண்டே சாப்பிட்டாலும் அது வேலை செய்யும், மாத்திரைக்கு நம்பிக்கை பற்றித் தெரியாது. சாப்பிடாமல் இருந்தால்தான் வேலை செய்யாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், இதுவும் உறுதி. சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பின்னால் தேறுவது கஷ்டமாகிறது என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. சந்தேகம் எங்கே என்றால், நோயாளி என்ன நம்புகிறார் என்பது கடைசியில் அவர் எவ்வளவு தேறுவார் என்பதைத் தீர்மானிக்கிறதா என்பதில். வேலூரில் ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், ஆரம்பத்தில் சொன்ன காரணம் பிற்பாடு தேறுவதை முன்கூட்டிக் காட்டவில்லை. நோய் தணியத் தணிய விளக்கமும் மாறியது. மற்ற நாட்டு ஆய்வுகளில் தனக்கு நோய் இருப்பதை உணர்ந்தவர்கள் மருந்தைக் கொஞ்சம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், ஆனால் அவர்களிடையே மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால்தான் அடித்துப் புரியவைப்பதை நான் எதிர்க்கிறேன். 24 வயதுப் பையன் ஒரு ராத்திரியில் "ஆமாம், எனக்குப் பைத்தியம்" என்று ஒத்துக்கொண்டால் அது வெற்றி இல்லை. அன்று இரவு அவரைத் தனியாக விடக் கூடாது.

வேலைக்கு வந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். ஒரு குடும்பம் தாயத்தோடு வந்தது. நான் படித்த திமிரில், இதெல்லாம் மூடநம்பிக்கை, முதலில் இதைக் கழற்றுங்கள் என்றேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தார்கள், பையன் கணுக்காலில் சங்கிலித் தழும்போடு. அந்த எட்டு மாதத்தில் எனக்கும் பங்கு உண்டு. இன்று தாயத்தை நான் தொடுவதில்லை.

கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்க வைக்கலாமா என்று அம்மா கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். குணசீலம் மாதிரி இடங்களில் 48 நாள் தங்குவது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் உட்பட ஒரு குழு, தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் இருக்கும் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-ல் எழுதியது. அங்கே பேயோட்டுவது, அடிப்பது, பெரிய சடங்கு எதுவும் இல்லை. கூட ஒரு சொந்தக்காரர் தங்குவார், கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகளின் மதிப்பெண் 19 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு, அதனால் கோயில் குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். அமைதியான இடம், நேரத்துக்குச் சோறு, யாரும் கேவலமாகப் பார்க்காதது, இவை நல்லது செய்யும் என்று மட்டும் சொல்வேன். இதற்கு எதிர்ப்பக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது தர்கா மேல் இருந்த நம்பிக்கை அல்ல, சங்கிலி. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. ஆகவே அம்மாவிடம் நான்கு கேள்வி கேளுங்கள். மாத்திரையைக் கையோடு கொண்டுபோக விடுவார்களா? கட்ட மாட்டார்களே, அடிக்க மாட்டார்களே? வயிறார சாப்பாடு உண்டா? வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கலாமா? நான்கும் சரியாக இருந்து டாக்டரும் சம்மதித்தால் போய்வரட்டும். மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி இறங்கும் என்று சொல்லும் இடமானால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். செய்வினை எடுக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற ஆளிடமும் வேண்டாம், அந்தப் பணம் தம்பியின் வைத்தியத்துக்கு வேண்டும்.

பெரியப்பா விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். "அவங்களைச் சும்மா விட மாட்டேன்" என்று தம்பி பேசினாலோ, குரல் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளை போடுகிறது என்றாலோ, சாப்பாட்டை நிறுத்தினாலோ, சாவு பற்றிப் பேசினாலோ ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். ராத்திரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் யாரும் பெரியப்பா பெயரை எடுத்து ஆமாம் சாமி போட வேண்டாம், இல்லவே இல்லை என்று வாதாடவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தோணுது, ரொம்பப் பயமா இருக்குல்ல? நான் கூட இருக்கேன். ராத்திரி தூங்குறதுக்கு இந்த மாத்திரையைப் போட்டுக்கோ" என்பது போதும். இதில் பொய் ஒரு சொட்டும் இல்லை.

அவர் கொஞ்சம் அமைதியாக இருக்கும் ஒரு நாள், அம்மா இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். க்ளெய்ன்மன் 1978-ல் சக டாக்டர்களுக்காக எட்டுக் கேள்விகள் எழுதினார், அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறிய வைத்திருக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டிலும் 2013-ல் இதே வழியில் 16 கேள்விகளைச் சேர்த்தார்கள். நான் அவற்றை நம் பேச்சுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். இதுக்கு நீ என்ன பேர் வைப்பே? எதனால வந்துச்சுன்னு நினைக்கிறே? ஏன் அந்த நேரத்துல வந்துச்சு, முன்னாடியே வரலையே? அது உன்னை என்ன பண்ணுது? எவ்வளவு பெருசு, எவ்வளவு நாள் இருக்கும்? என்ன செஞ்சா நல்லாயிருக்கும்? இதனால உனக்கு எதெல்லாம் கெட்டுப்போச்சு? எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு? ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. திருத்தாமல் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் மூன்று மாதமாக ராத்திரி மாத்திரையை மட்டும் துப்பிக்கொண்டிருந்தான், எல்லோரும் பிடிவாதம் என்றார்கள். கடைசிக் கேள்விக்கு அவன் சொன்ன பதில், "மாத்திரை போட்டா அசந்து தூங்கிருவேன், அப்ப அவங்க வந்தா யாரு பாப்பா?" அன்றிலிருந்து அவன் அப்பா வாசல்படிக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்தார். அவன் மாத்திரையை விழுங்கினான். செய்வினை என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான், இரண்டு வருடமாக ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறான்.

தம்பி சொல்லும் பதில்களை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ரிவியூவுக்குப் போகும்போது அதை டாக்டரிடம் கொடுங்கள், பெரியப்பா பெயர் வரும் வரியை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.